அறக்கடமையும் குடிமைக்கடமையும்

(ஜெயங்கொண்டத்தில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழாக்குழுவினர் எனக்களித்த தலைப்பு, அறக்கடமையும் குடிமைக்கடமையும் என்பதாகும். இரண்டும் ஒன்றுதானே என்று சிலர் எண்ணக்கூடும். இரண்டுக்கும் தொடர்பே இல்லை, ஒன்று ஆலயத்துக்கு உரியது, மற்றொன்று அரசு அலுவலகத்துக்கு உரியது என்று வேறு சிலர் எண்ணக்கூடும். இவ்விரண்டு எண்ணங்களும் நம் ஆசாரியர்கள் வகுத்த நெறிக்குப் பொருந்தா. அவர்கள் இரண்டையும் வேறுபடுத்தியும் காட்டினர். எங்கே இணைகின்றன என்பதையும் காட்டினர். அதனை இயன்ற அளவு எடுத்துரைக்க முயல்கின்றேன்.

சோமதேவர் வகுத்த இருவகை அறம்

சோமதேவசூரி என்னும் திகம்பர ஆசாரியர் 959-ஆம் ஆண்டில் யசஸ்திலகம் என்னும் வடமொழிக் காவியத்தை நிறைவு செய்தார். அப்போது இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் சோழரை வென்று, நம் தொண்டை நாட்டு மேல்பாடியில் பாசறை அமைத்துத் தங்கியிருந்தான். அச்செய்தியை ஆசாரியர் தம் நூலின் இறுதியில் குறித்துள்ளார். அரசுகள் மோதிக்கொண்டும் எல்லைகள் மாறிக்கொண்டும் இருந்த காலம் அது. இன்று ஒரு மன்னனுக்கு வரி செலுத்தும் குடி நாளை மற்றொரு மன்னனுக்குச் செலுத்த வேண்டியிருந்தது. அத்தகைய காலத்தில், சமணக் குடும்பத்தார் எதனை மாற்றிக்கொள்ளலாம், எதனை மாற்றிக்கொள்ளலாகாது என்ற வினா எழுந்தது இயல்பே.

அதற்கு ஆசாரியர் அளித்த விடை தெளிவானது. இல்லறத்தார்க்குரிய அறம் இருவகைப்படும். ஒன்று உலகியல் அறம். அது நாட்டு வழக்கையும் அரசின் முறையையும் பற்றி நிற்பது. மற்றொன்று ஆன்மிக அறம். அது ஆகமத்தைப் பற்றி நிற்பது. உலகியல் அறம் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும். நற்காட்சிக்கு ஊறும் விரதத்துக்குப் பழுதும் நேராத வரையில் அதனைச் சமணர் ஏற்று நடக்கலாம் என்பது அவர் வகுத்த வரம்பு. இவ்வாறு வரம்பு கட்டிய அதே ஆசாரியரே, நீதிவாக்கியாமிர்தம் என்ற அரசியல் நூலையும் இயற்றினார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. துறவியாகிய அவர் நாட்டு நடப்பை இழிவென்று ஒதுக்கவில்லை.

சுவேதாம்பர மரபின் ஆகமமாகிய ஸ்தானாங்க சூத்திரமும் பத்து வகைத் தருமங்களை அடுக்குகின்றது. கிராம தருமம், நகர தருமம், இராஷ்டிர தருமம் ஆகிய மூன்றும் அவ்வடுக்கில் முதலில் நிற்கின்றன. ஊருக்கும் நாட்டுக்கும் செய்வதையும் தருமம் என்னும் சொல்லாலேயே நம் முன்னோர் வழங்கினர்.

வேறுபாடு யாது?

குடிமைக்கடமை ஒரு நாட்டில் பிறந்து வாழ்வதால் நம்மேல் வந்து சேர்வது. அதனை விதிப்பது சட்டம். காவல் காப்பது அதிகாரி. தவறினால் வருவது தண்டனை. அது நம் செயலை மட்டுமே அளக்கும். வரியை முகம் சுளித்துக் கட்டினாலும் மகிழ்ந்து கட்டினாலும் ரசீது ஒன்றே. அதன் எல்லை நாட்டின் எல்லையோடு முடிந்துவிடும்.

அறக்கடமை நாமே மனமுவந்து ஏற்பது. விரதம் என்ற சொல்லின் உட்பொருளே அதுதான். பிறர் திணித்தது விரதம் ஆகாது. அதனைக் காவல் காப்பது நம் உள்ளம். தவறினால் வருவது வினைக்கட்டு. மனம், மொழி, மெய் மூன்றையும் அது அளக்கும். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றையும் அது கணக்கில் கொள்ளும். அதன் எல்லையோ ஓரறிவுயிர் வரையில் விரிவது.

ஆகவே, குடிமைக்கடமையின் பரப்பு சிறிது. ஆயினும் அதற்குக் கைவன்மை உண்டு. அறக்கடமையின் பரப்பு பெரிது. ஆயினும் தவறியவனை அது கைப்பிடித்து இழுத்து வாராது. இவ்வேறுபாட்டை நன்கு உணர்த்தும் சான்று நாம் இருக்கும் இவ்வூரின் அருகிலேயே உள்ளது.

ஏரி கற்பிக்கும் பாடம்

இங்கிருந்து சில கல் தொலைவில் உள்ளது கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திரன் தன் வடநாட்டு வெற்றியின் நினைவாக அங்கு வெட்டிய சோழகங்கம் என்னும் பேரேரியை, நீரால் அமைந்த வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கின்றது. பொன்னேரி என்று இன்று வழங்குவது அதுவே. ஏரியை வெட்டியவன் மன்னன். அதனை ஆண்டுதோறும் காத்தவர் யார்? தமிழகமெங்கும் ஏரிகளையும் வாய்க்கால்களையும் காத்து வந்தது குடிமராமத்து என்னும் வழக்கம். பாசனத்தால் பயன்பெறும் ஒவ்வொரு குடும்பமும் ஆள் அனுப்பித் தூர் வாரியது, கரையை உயர்த்தியது, மதகைச் செப்பனிட்டது. அதனை வேலை என்று எவரும் கூலி கேட்கவில்லை. ஊரில் வாழ்பவன் செய்ய வேண்டியது என்ற உணர்வே அவர்களை இயக்கிற்று.

ஆங்கில ஆட்சியில் இவ்வழக்கம் தளர்ந்தது. ஊராரின் கையிலிருந்த நிர்வாகம் அரசின் கைக்குச் சென்றது. தளர்ந்ததை நிமிர்த்த 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வெள்ளக்காலத்தில் கரையைக் காக்க ஆள் தரவும், வழக்கமான குடிமராமத்து வேலையைச் செய்யவும் அச்சட்டம் கட்டாயப்படுத்தியது. செய்யாதவர்க்குத் தண்டமும் விதித்தது. அறமாக இருந்தது அன்று குடிமைக்கடமையாக எழுதப்பட்டது. எனினும் வழக்கம் மீளவில்லை. ஏரிகள் தூர்ந்தன. நம் காலத்தில் 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழம்பெயரிலேயே அரசுப் பணத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளத்தில் இருந்த கடமை வெளியேறிய பின், அதனைத் தண்டத்தால் மட்டும் திரும்பக் கொண்டுவர இயலாது என்பதே ஏரி கற்பிக்கும் பாடம். ஆதலின், குடிமைக்கடமைக்கும் உயிராக நிற்பது அறவுணர்வே.

கள்ளாமை என்னும் விரதத்துள் அரசின் முறை

இனி, நமக்கு மிக நெருக்கமான செய்திக்கு வருகின்றேன். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை என்னும் ஐந்து அணுவிரதங்களை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். ஒவ்வொரு விரதத்துக்கும் ஐந்து அதிசாரங்கள், அதாவது விரதம் முற்றும் முறியாமல் அதனைக் கறைப்படுத்தும் பிழைகள் உண்டு. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் கள்ளாமைக்குக் கூறும் ஐந்து அதிசாரங்களை நினைவுகூர்வோம்.

திருட்டுக்குத் தூண்டுதல் முதலாவது. திருட்டுப் பொருளை வாங்குதல் இரண்டாவது. அரசின் முறைக்கு மாறாக நடந்து பொருளீட்டுதல் மூன்றாவது. நிறுத்தலிலும் முகத்தலிலும் கூட்டியும் குறைத்தும் அளத்தல் நான்காவது. நல்ல சரக்கோடு போலியைக் கலந்து விற்றல் ஐந்தாவது. சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் சிறு சொல் வேறுபாட்டுடன் இவற்றையே கூறுகின்றது.

இவ்வைந்தும் கடைத்தெருவைப் பற்றியவை என்பதைக் காண்க. அரசின் முறையை மீறுதல் என்னும் மூன்றாவதைப் பூஜ்யபாதர் தம் உரையில் விளக்கும்போது, ஆட்சி நிலைகுலைந்த நேரத்தைப் பயன்படுத்தி, விலையுயர்ந்த பொருளை முறையற்ற வழியில் மலிவாகச் சேர்க்க முயல்வதை இதனுள் அடக்குகின்றார். இக்கால உரையாளர்கள் வரி ஏய்ப்பையும் கடத்தலையும் இதனுள் சேர்ப்பர். சட்டத்தின் நூலில் குற்றம் என்று எழுதப்பட்டது, நம் நூலில் விரதத்தின் கறை என்று எழுதப்பட்டுள்ளது. குடிமைக்கடமை அறக்கடமைக்கு வெளியே நிற்கவில்லை. கள்ளாமை என்னும் விரதத்தின் உள்ளேயே அதற்கு இடமளித்து விட்டனர் ஆசாரியர்.

இப்பகுதி முந்திரிக்கும் பட்டு நெசவுக்கும் பெயர் பெற்றது. தோட்டத்திலிருந்து முந்திரிக்கொட்டையைச் சுமந்து வரும் குடியானவனுக்குத் தராசின் முள்ளே நீதிபதி. தராசும் படிக்கல்லும் உரிய காலத்தில் பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும் என்பது எடையளவைச் சட்டத்தின் விதி. அதிகாரி வந்து முத்திரை இடும் நாளில் மட்டும் சரியாக இருக்கும் தராசு குடிமைக்கடமையை நிறைவேற்றியதாகத் தோன்றலாம். ஆண்டு முழுவதும், எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி வந்து நிற்கும் நேரத்திலும் சரியாக இருக்கும் தராசே கள்ளாமையை நிறைவேற்றுவது.

இங்கே சற்று வெளிப்படையாகப் பேச அனுமதிக்க வேண்டுகின்றேன். நம் குடும்பங்களில் ஆசாரம் இன்றும் வாழ்கின்றது. நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். கதிரவன் மறையுமுன் உண்கின்றோம். கிழங்கை விலக்குகின்றோம். கண்ணுக்குத் தெரியாத உயிரிடத்தும் இரக்கம் காட்டும் இச்சீரிய ஒழுக்கம் உலகில் வேறெங்கும் காண்பதற்கு அரிது. ஆனால் அதே வீட்டில், ரசீது இல்லாமல் சரக்கு வாங்கினால் மலிவு என்று பேசப்படுகின்றதா? நிலத்தை ஒரு விலைக்கு வாங்கி, பத்திரத்தில் வேறு விலை எழுதுவதை ஊர் வழக்கம் என்று சொல்லி அமைகின்றோமா? வாக்குக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம் என்று சட்டம் சொல்லியிருக்க, எல்லோரும் வாங்குகின்றார்கள் என்னும் சொல் நம் திண்ணையிலும் ஒலிக்கின்றதா? இவ்வினாக்களை எவரையும் நோக்கி விரல் நீட்டிக் கேட்கவில்லை. அவரவர் தம் வீட்டில், தம் மக்கள் முன்னிலையில் கேட்டுக்கொள்ள வேண்டியவை இவை. நீரை வடிகட்டும் துணியால் வருமானத்தையும் வடிகட்ட வேண்டும். குழந்தைகள் இரண்டையும் ஒருங்கே பார்த்துக்கொண்டிருக்கின்றார்கள்.

கணக்குக் காட்டாதவர்

பொதுப்பணியில் உள்ளவர்க்கு ஒரு சொல். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. வாரியங்களில் அமர்வதற்கு வயது, நிலம், கல்வி முதலிய தகுதிகள் சொல்லப்பட்டுள்ளன. தகுதியின்மைப் பட்டியலில் இருவகைப் பிழைகள் உள்ளன. பெரும்பாதகம் செய்தவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் முதலியோர் ஒரு வகை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மற்றொரு வகை. கணக்குக் காட்டாதவர்க்கு மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் இடமில்லை என்கின்றது கல்வெட்டு.

அது பிராமணர் ஊர்ச்சபையின் விதி. ஆயினும் அதில் நமக்கும் பாடம் உண்டு. பாதகம் அறத்தின்பாற்பட்டது, கணக்கு நிர்வாகத்தின்பாற்பட்டது. இரண்டையும் ஒரே கல்லில் அருகருகே வெட்டினர். ஆலயத்துக்கும் அறக்கட்டளைக்கும் உழைப்பவர்கள், நாங்கள் பக்தியோடு உழைக்கின்றோம், எங்களிடம் கணக்குக் கேட்கலாமா என்று மனம் நோவதுண்டு. பக்தி அறக்கடமை, கணக்கு குடிமைக்கடமை. முன்னது பின்னதற்கு ஈடாகாது. ஆண்டுக் கணக்கைத் தாமே முன்வந்து எல்லோர்க்கும் படித்துக் காட்டும் பொறுப்பாளர் தம் பெயரையும் காப்பாற்றுகின்றார். தம் மக்களின் பெயரையும் காப்பாற்றுகின்றார்.

சட்டம் நிறைவேறியும் அறம் எஞ்சும் இடம்

சட்டத்தை முற்றும் கடைப்பிடித்த பின்னும் நிறைவேறாமல் நிற்கும் கடமைகள் உண்டு. இவ்வூர் மக்களே அதற்குச் சாட்சி. ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் ஆக்கும் திட்டத்துக்காக 1990-களில் நிலம் கையகப்படுத்தப்பட்டது. 1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் அதற்கு அதிகாரம் அளித்தது. பொதுநலன் கருதி நிலத்தை விட்டுக்கொடுத்தல் குடிமக்களின் கடமை என்று சொல்லப்பட்டது. கொடுத்தவர்கள் இழப்பீடு போதாது என்று நீண்டகாலம் வழக்காடினர். திட்டமோ நிறைவேறவே இல்லை. பல ஆண்டுகளுக்குப் பின், நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தருவதென அரசு முடிவெடுத்தது.

இதில் எவர் சட்டத்தை மீறினார் என்று தேடுவது என் நோக்கமன்று. நிலத்தை எடுக்கச் சட்டத்தில் வழி இருந்தது. கொடுத்தவனின் காத்திருப்புக்கு முழுவிலை மதிக்கச் சட்டத்தால் இயலாது. மின்சாரம் வேண்டும் என்று விரும்பும் நகரத்தார் நாம் அனைவரும், அதற்காக எங்கோ ஒருவர் முந்திரித் தோப்பை இழக்கின்றார் என்பதை எண்ணிப் பார்த்தோமா? உடன்படுதலும் வினையே என்று கற்ற நாம் இதனை எண்ணியே ஆக வேண்டும். பயனை நுகர்பவன், அப்பயனுக்காக இழந்தவனுக்குக் கடன்பட்டவன். இக்கடனை எந்த அலுவலகமும் வசூலிக்க வாராது. அது அறக்கடமை.

அறம் சட்டத்துக்கு வழி காட்டியதும் உண்டு. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் நம் அரசமைப்பில் 51ஏ பிரிவு சேர்ந்தது. குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் பத்து அதில் அடங்கின. 2002-ஆம் ஆண்டில் பதினொன்றாவது சேர்ந்தது. காடு, ஏரி, ஆறு, கானுயிர் ஆகியவற்றைக் காப்பதோடு உயிர்களிடத்து இரக்கம் கொள்வதும் அவற்றுள் ஒன்று. இவ்விரக்கத்தைத் திருவறம் எத்தனையோ நூற்றாண்டுகளாகப் போதித்து வந்துள்ளது. ஆனால் இக்கடமைகளை மீறியதற்காக மட்டும் ஒருவரை நீதிமன்றம் தண்டிக்க இயலாது. அதற்குத் தனிச்சட்டம் வேண்டும். இரக்கம் கொள் என்று சட்டம் எழுதலாம். இரங்கும் நெஞ்சைச் சட்டத்தால் ஆக்க முடியாது. அக்கடமைகளை முன்மொழிந்த சுவரண்சிங் குழு, வரி செலுத்துதலையும் சேர்க்குமாறு பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை. அரசமைப்பின் கடமைப் பட்டியலில் இடம்பெறாத அது, நம் ஆசாரியர் வகுத்த விரதத்தின் பொருளில் அடங்கியுள்ளது.

இரண்டும் முரணும்போது

அரசின் ஆணையும் நம் அறமும் எதிரெதிராக நின்றால் என் செய்வது? இது கற்பனை வினா அன்று. 2015 ஆகஸ்டு 10 அன்று இராஜஸ்தான் உயர்நீதிமன்றம், சல்லேகனை என்னும் நம் இறுதி நோன்பைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதி, அதனை நோற்பாரையும் துணை நிற்பாரையும் குற்றவியல் சட்டத்தின்கீழ் நடத்துமாறு தீர்ப்பளித்தது. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றத்தில் ஐம்பத்தேழு நாள் நோன்பிருந்து உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டை நாம் வணங்குகின்றோம். அம்மரபே குற்றம் என்று சொல்லப்பட்டபோது நம் நெஞ்சு பதைத்தது.

அப்போது சமணர் செய்தது என்ன? தீர்ப்பைப் புறக்கணித்து மறைவில் நோன்பு நோற்கச் சொல்லவில்லை. கல்லெறியவும் இல்லை. ஆகஸ்டு 24 அன்று நாடெங்கும் அமைதி ஊர்வலங்கள் நடந்தன. உச்சநீதிமன்றத்தை அணுகினர். ஆகஸ்டு 31 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தற்கொலை ஆசையாலும் வெகுளியாலும் நேர்வது, சல்லேகனை அவை அடங்கிய பின் ஏற்பது என்பதை உலகறிய எடுத்துச் சொல்லும் வாய்ப்பாகவும் அந்நாட்கள் அமைந்தன.

காவிரிக்கரை வழியே இதற்கு முன் நிகழ்ந்த மற்றொன்றையும் நினைவூட்டுகின்றேன். 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களுடன் நடைப்பயணம் புறப்பட்டார்; பின்னர் வேதாரண்யம் சேர்ந்து, உப்புச் சட்டத்தை மீறினார். செல்லும் வழியை முன்னரே அறிவித்தார், கைது செய்ய வந்தவர்க்கு எதிராகக் கை ஓங்கவில்லை, சிறையை ஏற்றார்.

அறத்துக்காகச் சட்டத்தை எதிர்ப்பவனுக்கும் சட்டத்தை ஏய்ப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இதில் விளங்கும். எதிர்ப்பவன் பகலில் செய்கின்றான். தன் பெயரைச் சொல்கின்றான். வரும் துன்பத்தைத் தானே ஏற்கின்றான். அச்செயலால் தனக்கு ஊதியம் ஏதும் தேடான். ஏய்ப்பவன் இருளில் செய்கின்றான். ஊதியத்தைத் தான் கொண்டு துன்பத்தைப் பிறர்மேல் சுமத்துகின்றான். அரசின் சட்டம் நியாயமற்றது என்று சொல்லி வரி ஏய்ப்பவர், இவ்வுரைகல்லில் தம்மை உரைத்துப் பார்க்கலாம்.

நிறைவுரை

சிராவகப் பெருமக்களே, சொன்னவற்றைத் தொகுத்துக் கூறி அமைகின்றேன். நாடு விதிக்கும் கடமையை விரதத்தின் ஒரு பகுதியாகவே ஏற்றுச் செய்வோம்; அதிகாரி பார்த்தாலும் பாராவிடினும் ஒரே தராசு, ஒரே கணக்கு, ஒரே சொல் என்று வாழ்வோம். சட்டம் கேட்கவில்லை என்பதை அறத்தின் அனுமதியாகக் கொள்ளாதிருப்போம். இரண்டும் முரணும் அரிய வேளையில், மறைவின்றி, பகையின்றி, விளைவை ஏற்று நிற்போம்.

அடுத்த மகாவீரர் ஜெயந்திக்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒரு செயலை நியமமாக ஏற்க வேண்டுகின்றேன். கடைக்காரர் ரசீதில்லாமல் வாங்குவதும் விற்பதும் இல்லை என்று ஏற்கலாம். வீடு, மனை வாங்குவோர் மெய்யான விலையையே பத்திரத்தில் எழுதுவோம் என்று ஏற்கலாம். வாக்காளர் பணம் தொடுவதில்லை என்று ஏற்கலாம். ஊரில் வாழ்வோர் தம் ஊர் ஏரிக்கரையில் ஆண்டுக்கு ஒரு நாள் கை கொடுப்போம் என்று ஏற்கலாம். சிறு நியமமே போதும். அணுவிரதம் என்ற பெயரிலேயே சிறுமை உள்ளது. சிறிதாய் ஏற்று வழுவாமல் காப்பதே இல்லறத்தாரின் பெருமை.



வளர்க திருவறம்! வாழ்க எல்லா உயிரும்!